ஹரமின் வாசலில் ரூபாய் நோட்டு



உம்ராவுக்குப் புறப்படும் குழுவினருக்குப் பயணத்துக்கு முன் ஒரு விளக்கக் கூட்டம் நடத்துவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம்தான். இஹ்ராம் கட்டும் முறை, தவாஃபைத் தொடங்கும் இடம், ஸஃயின் எண்ணிக்கை, பெண்களுக்குரிய சட்டங்கள் என எல்லாம் அங்கே பொறுமையாகச் சொல்லித் தரப்படுகின்றன. கூட்டம் கலையும் நேரத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து, "ரியால் எவ்வளவு மாற்றிக்கொள்ள வேண்டும்?" என்று கேட்பார். ஏற்பாட்டாளர் புன்னகையுடன், "அதெல்லாம் வேண்டாம் பாய், நம்ம ரூபாயே அங்கே ஓடும். கடைக்காரர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்" என்பார். பெரியவர் நிம்மதியுடன் அமர்ந்துவிடுவார். அந்தப் பதிலை மறுப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ரூபாய் அங்கே ஓடுவது உண்மை. மக்காவின் இப்ராஹீம் கலீல் சாலையிலும், மிஸ்ஃபலாவின் சந்துகளிலும், மதீனாவில் பேரீச்சம்பழம் விற்கும் கடைகளிலும் இந்திய நோட்டை நீட்டினால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்கிறார்கள். உருதுவில் விலை சொல்கிறார்கள், மலையாளத்தில் சொல்கிறார்கள், சிலர் தமிழிலேயே சொல்கிறார்கள். இதைக் கண்டு நம்மவர் பலருக்கு உள்ளம் பூரிக்கிறது. "நம் நாட்டுப் பணத்துக்கு இறையில்லத்தின் வாசலிலும் மதிப்பிருக்கிறது" என்று பெருமிதத்தோடு ஊரில் வந்து சொல்கிறார்கள். அந்த மதிப்பு என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதை மட்டும் எவரும் கணக்குப் பார்ப்பதில்லை.

என் அனுபவத்தையே சொல்கிறேன். உம்மாவை அழைத்துக்கொண்டு மதீனாவில் தங்கியிருந்த நாட்களில், அஸருக்குப் பின் அஜ்வா பேரீச்சம்பழம் வாங்கச் சென்றோம். ஒரு கிலோ 60 ரியால் என்றார் கடைக்காரர். உம்மாவின் கைப்பையில் ரூபாய் மட்டுமே இருந்தது. "பரவாயில்லை உம்மா, 1,500 ரூபாய் கொடுங்கள்" என்றார் அவர். உம்மாவும் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு ஒரு ரியாலின் மதிப்பு இருபத்திரண்டரை ரூபாய் அளவில் இருந்தது. 60 ரியால் என்பது 1,350 ரூபாய். கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று அவர் இருபத்தைந்தால் பெருக்கியிருந்தார். எளிமைக்காக நாங்கள் கொடுத்த கூலி 150 ரூபாய், அதாவது நூற்றுக்குப் பதினொன்று. ஊரில் காய்கறிக் கடையில் ஐந்து ரூபாய்க்காகக் கால் மணி நேரம் பேரம் பேசும் என் உம்மா, அங்கே ஒரு சொல் பேசவில்லை. "நபியின் ஊரில் பேரம் பேசக் கூடாதுடா" என்றார்கள். கண்ணியத்தால் வந்த அந்த மௌனத்தை நான் குறை சொல்லவில்லை. அந்த மௌனத்தை எதிர்பார்த்தே பெருக்கல் வாய்ப்பாடு தயாரிக்கப்படுகிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

கடைக்காரரை அநியாயக்காரர் என்று சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. அவர் நிலையிலிருந்து பார்த்தால் அவருடைய கணக்கு புரியும். அவர் கடை வாடகையை ரியாலில் கொடுக்கிறார். சரக்கை ரியாலில் எடுக்கிறார். 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் 15 சதவிகித மதிப்புக் கூட்டு வரியையும் ரியாலில்தான் கட்டுகிறார். நம் ரூபாயைச் சேர்த்து வைத்து, ஒரு நாள் நாணய மாற்றுக் கடைக்குக் கொண்டுபோய், அவர்கள் சொல்லும் விலைக்கு விற்றால்தான் அது அவருக்குப் பணமாகும். இடையில் ரூபாய் சரிந்தால் நட்டம் அவருடையது. நோட்டே செல்லாமல் போவதும் நடந்திருக்கிறது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, நேபாளத்தின் மத்திய வங்கியிடமே அந்த நோட்டுகள் மாற்றப்படாமல் தேங்கிப்போயின. ஒரு நாட்டின் மத்திய வங்கிக்கே அந்த நிலை என்றால், ஒரு சாதாரணக் கடைக்காரர் அந்நிய நோட்டுக்கு அதிக விலை கேட்பதில் என்ன வியப்பு? அவர் இரண்டு வணிகம் செய்கிறார்: ஒன்று பேரீச்சம்பழம், மற்றொன்று நாணய மாற்று. இரண்டாவது வணிகம் நடப்பதே நமக்குத் தெரியவில்லை என்பதில்தான் பிழை இருக்கிறது. அந்தப் பிழை நம்முடையது.

இதற்கு ஒரு பதில் உடனே வரும்: "எங்கள் அப்பாவின் வாப்பா கப்பலில் ஹஜ்ஜுக்குப் போனபோது ரூபாயைத்தானே கொண்டு போனார்?" ஆம், கொண்டு போனார். ஆனால் அந்த வரலாற்றை முழுமையாகச் சொல்ல வேண்டும். அன்று வளைகுடாவின் பல பகுதிகளில் இந்திய ரூபாயே அரசு நாணயமாக இருந்தது. தங்கக் கடத்தலால் இந்தியாவின் அந்நியச் செலாவணி கரைந்ததைத் தடுக்க, 1959ல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கெனத் தனி ரூபாயை அச்சிட்டது. அதே காலத்தில் ஹஜ் பயணிகள் சவூதியில் பயன்படுத்துவதற்கென 10 ரூபாய், 100 ரூபாய் ஹஜ் நோட்டுகளையும் வெளியிட்டது. அவற்றின் வரிசை எண்ணுக்கு முன் 'எச்.ஏ.' என்ற எழுத்துகள் இருக்கும். பழைய நோட்டு சேகரிப்போர் இன்று அவற்றைத் தேடி அலைகிறார்கள். நம் முன்னோர் கையில் இருந்தது அதற்கென்றே ஏற்பாடு செய்யப்பட்ட பணம். 1961ல் குவைத் தனி தினாருக்கு மாறியது. 1966 ஜூன் 6 அன்று டாலருக்கு 4.76 என்றிருந்த ரூபாய் 7.50 ஆக மதிப்பிறக்கப்பட்டதும், வளைகுடாவில் ரூபாயைப் பிடித்துக்கொண்டிருந்த மற்ற பகுதிகளில் பெரும்பாலானவையும் அதைக் கைவிட்டன. அந்தக் காலம் முடிந்து அறுபது ஆண்டுகள் ஆகின்றன.

சவூதியின் பக்கமும் ஒரு செய்தி உண்டு. அங்கே ஒரு காலத்தில் வெள்ளி ரியாலும், ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் உருவம் பொறித்த வெள்ளி நாணயமும், ஆங்கிலேயரின் தங்கப் பவுனும் புழங்கின. 1952ல் சவூதி அரேபிய நாணய முகமை தோன்றியது. பயணிகள் கனத்த வெள்ளிக் காசுகளைச் சுமந்து அலைய வேண்டாம் என்று, 1953ல் அது 'ஹஜ் பயணியர் ரசீது' என்ற தாளை வெளியிட்டது. அந்த நாட்டின் காகிதப் பணத்துக்கு முன்னோடி அதுதான். பயணிக்காகவே பிறந்த காகித ரியாலை இன்று பயணியே வேண்டாம் என்கிறார்! அன்று முதியவர் ஒருவரின் இடுப்புச் சுமையைக் குறைக்க ஓர் அரசு யோசித்தது. இன்று நம் குழுத் தலைவர்களுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கி ஒரு கணக்கை விளக்க மனமில்லை.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். ரூபாயைக் கொடுத்துப் பொருள் வாங்குவது ஹராம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதற்கு ஆதாரமும் இல்லை. இரு தரப்பும் பொருந்தி, எந்த நாணயத்தில் எவ்வளவு என்று பிரிவதற்கு முன் முடிவாகிவிட்டால் விற்பனை செல்லும். இங்கே கவனிக்க வேண்டியது மிச்சப் பணம்.

30 ரியாலுக்கு ஒரு தொழுகை விரிப்பு வாங்குகிறீர்கள். கையில் இருப்பது ரூபாய். நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை நீட்டுகிறீர்கள். விரிப்பின் விலை போக மீதியை ரியாலில் தர வேண்டும். அந்த மீதியைப் பொறுத்தவரை நடப்பது பொருள் விற்பனை அன்று. ரூபாய்க்கு ரியால் என்ற நாணய மாற்று அது. ஃபிக்ஹ் நூல்கள் இதை 'ஸர்ஃப்' என்ற தனி அத்தியாயத்தில் வைத்துப் பேசுகின்றன. தங்கத்துக்கு வெள்ளி என இனம் மாறும்போது விலையை விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கைக்குக் கை உடனே மாற வேண்டும் என்பது உபாதா பின் ஸாமித் (ரலி) அறிவிக்கும் நபிமொழியின் கருத்து. காகிதப் பணத்துக்கும் இதே சட்டம் பொருந்தும் என்பதை 1986ல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானமாகவே அறிவித்துள்ளது. இப்போது கடைக்காரர், "சில்லறை இல்லை ஹாஜி, இஷாவுக்குப் பிறகு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார். நீங்களும் தலையசைத்துவிட்டு ஹரமுக்கு ஓடுகிறீர்கள். ரூபாய் கைமாறிவிட்டது, ரியால் கைமாறவில்லை. ஐவேளைத் தொழுகைக்கும் முன்வரிசையைத் தேடும் ஒருவர், தம்மை அறியாமலேயே எங்கே நின்றுகொண்டிருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

மாலிக் பின் அவ்ஸ் அவர்களின் நிகழ்ச்சி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அவர் நூறு தீனாரை வெள்ளிக்கு மாற்ற விரும்பினார். தல்ஹா (ரலி) முன்வந்தார்கள். தங்கத்தைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, தம் பொருளாளர் ஊருக்கு வெளியிலிருந்து வரும்வரை வெள்ளிக்குக் காத்திருக்குமாறு கூறினார்கள். அருகிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த உமர் (ரலி) அவர்கள், வெள்ளியைப் பெறாமல் அவரைவிட்டு நகரக் கூடாது என மாலிக்கை ஆணையிட்டுத் தடுத்தார்கள். காத்திருக்கச் சொன்னவர் யார்? சொர்க்கத்தின் நற்செய்தி பெற்ற பதின்மரில் ஒருவர். ஏமாற்றுவார் என்ற அச்சத்துக்கு இடமே இல்லாதவர். ஆக, உமர் (ரலி) அவர்கள் பார்த்தது நம்பிக்கையின் அளவை அல்ல, பரிவர்த்தனையின் அமைப்பை. "நம்ம ஆள்தானே, நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம்" என்று நாம் சொல்லும் சமாதானம் அந்த ஒரு நிகழ்ச்சியிலேயே விழுந்துவிடுகிறது.

கடையைவிடப் பெரிய ஆபத்து விடுதி அறைக்குள் இருக்கிறது. ஒரே அறையில் தங்கியிருக்கும் இருவர். ஒருவரிடம் ரியால் தீர்ந்துவிட்டது. "காக்கா, 500 ரியால் இருந்தால் கொடுங்கள். இன்றைய விலைக்கு 11,250 ரூபாய் ஆகிறது, ஊருக்குப் போனதும் கொடுத்துவிடுகிறேன்." காக்காவும் மனமுவந்து கொடுக்கிறார். உதவிதான், நன்மையை நாடித்தான். ஆனால் என்ன நடந்தது? இன்று ரியால், இரண்டு வாரம் கழித்து ரூபாய், விகிதம் இன்றே முடிவு செய்யப்பட்டுவிட்டது. தவணை வைத்த நாணய மாற்று என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைப் பாடநூலில்கூடக் காண முடியாது. அறிஞர்கள் ரிபாவின் வகைகளில் இதைச் சேர்க்கிறார்கள்.

இதைச் சரிசெய்வது மிக எளிது என்பதுதான் வேதனை. 500 ரியாலை ரியாலாகவே கடன் வாங்குங்கள். கடன் 500 ரியால், அவ்வளவுதான். ஊர் திரும்பிய பின் திருப்பித் தரும் நாளில், இருவரும் விரும்பினால் அன்றைய விகிதப்படி ரூபாயாகக் கொடுத்து, பாக்கியின்றி முடித்துக்கொள்ளலாம். பகீஃ சந்தையில் ஒட்டகம் விற்ற இப்னு உமர் (ரலி), தீனாரில் பேசிய விலைக்குத் திர்ஹமையும், திர்ஹமில் பேசியதற்குத் தீனாரையும் வாங்குவது பற்றிக் கேட்டபோது, அன்றைய விலைக்கு வாங்கி, நிலுவை எதுவும் வைக்காமல் பிரிந்தால் குற்றமில்லை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். வேறுபாடு, விகிதத்தை முடிவு செய்யும் நாளில் மட்டுமே இருக்கிறது. இந்த ஒரு செய்தியை விளக்கக் கூட்டத்தில் சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்?

குழுத் தலைவர்களில் சிலர் இதிலும் ஒரு படி மேலே போகிறார்கள். மக்காவில் ரியாலைக் கையில் கொடுத்துவிட்டு, பயணியின் மகன் ஊரிலிருந்து அவர்களுடைய வங்கிக் கணக்குக்கு ரூபாய் அனுப்பும்படி ஏற்பாடு செய்கிறார்கள். கணக்கில் வரவு வைக்கப்படுவதும் கைப்பற்றுதலாகக் கருதப்படும் என்று அதே ஃபிக்ஹ் அகாடமி 1990ல் ஜித்தாவில் தீர்மானித்திருக்கிறது. எனவே அந்த வரவும் ரியாலும் ஒரே அமர்வில் நிகழ்ந்தால் மார்க்கக் கோணத்தில் வழி உண்டு எனலாம். "ரியாலை இப்போது வாங்கிக்கொள்ளுங்கள், பணத்தை வெள்ளிக்கிழமை போடச் சொல்லுங்கள்" என்றால் அந்த வழியும் அடைபட்டுவிடும். அதோடு நாட்டின் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், அனுமதி பெறாதவருடன் அந்நியப் பணத்தை மாற்றிக்கொள்வதைத் தடை செய்கிறது. உம்ரா முடித்துத் திரும்பும் எழுபது வயது முதியவரை, அவருக்கே தெரியாமல் இப்படி ஒரு வலையில் நிறுத்துவது சேவையாகுமா? தவிர, இந்தியக் குடிமகன் நாட்டிலிருந்து எடுத்துச் செல்லக்கூடிய ரூபாய் நோட்டுக்கு 25,000 என்ற வரம்பு இருக்கிறது. "நம்ம ரூபாயே ஓடும்" என்று கூட்டத்தில் அறிவிப்பவர்கள் இந்த வரம்பையும் அங்கேயே அறிவித்திருக்க வேண்டும். நான் கலந்துகொண்ட எந்தக் கூட்டத்திலும் அது சொல்லப்படவில்லை.

அட்டை வைத்திருப்போர், 'இது நமக்கான செய்தி அல்ல' என்று கடந்துவிட வேண்டாம். அவர்களுக்கான பொறி வேறு வடிவத்தில் இருக்கிறது. கடையில் அட்டையைச் செருகியதும் சில எந்திரங்களின் திரையில் இரண்டு தொகைகள் தோன்றும்: ரியாலில் ஒன்று, இந்திய ரூபாயில் ஒன்று. எதில் செலுத்த விருப்பம் என்று எந்திரம் கேட்கும். பழகிய எண் என்பதால் விரல் தானாக ரூபாயை நோக்கிப் போகும். அங்கே உங்கள் வங்கி நாணயத்தை மாற்றவில்லை. கடைக்காரரின் பக்கத்து வங்கி, தன் விருப்பப்படி ஒரு விகிதத்தை வைத்து மாற்றுகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். விலை 400 ரியால், அன்றைய மதிப்பில் 9,000 ரூபாய். எந்திரம் 9,500 என்று காட்டுகிறது என வைத்துக்கொள்வோம். ரியாலைத் தேர்ந்தால், வழக்கமான இந்திய அட்டையில் மூன்றரை சதவிகிதக் கட்டணமும் அதன்மேல் 18 சதவிகித வரியும் சேர்ந்து ஏறக்குறைய 9,372 ரூபாய் ஆகும். அந்தக் கட்டணம் இல்லாத அட்டைகளும் உண்டு. ரூபாயைத் தேர்ந்தால் 9,500. கட்டணம் தப்பியது என்று மகிழவும் முடியாது. வெளிநாட்டில் ரூபாயில் செலுத்தினாலும் ஒரு சதவிகிதம் பிடிக்கும் வங்கிகள் இருக்கின்றன. அதையும் அதற்கான வரியையும் கூட்டினால் 9,612. பணம் எடுக்கும் எந்திரங்களிலும் இதே கேள்வி வரும். அங்கே 'மாற்றம் வேண்டாம்' என்பதைத் தேர்வது போதும், பணம் வரத் தவறாது. அந்த விருப்பத்தை அழுத்தினால் பரிவர்த்தனையே நின்றுவிடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். நானும் முதல் முறை அஞ்சியிருக்கிறேன். (கடன் அட்டையின் வட்டி பற்றிய மார்க்க விவாதம் தனியானது. அதை இங்கே இழுக்கவில்லை.)

கடைக்காரரே உங்களைக் கேட்காமல் ரூபாயை அழுத்தி, ரசீதைக் கையில் திணிப்பதும் உண்டு. தேர்வு அட்டைதாரருக்கு உரியது என்பது அட்டை வலையமைப்புகளின் விதி. ரத்து செய்து ரியாலில் மீண்டும் போடச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

"ஹாஜிமார்களை இப்படிக் காசுக்குக் காசு கணக்குப் பார்க்கச் சொல்கிறீர்களே, அல்லாஹ்வின் விருந்தாளிகள் இதையா நினைத்துக்கொண்டிருப்பார்கள்?" என்று ஒரு மூத்த சகோதரர் என்னிடம் வருத்தத்துடன் கேட்டார். கேள்வியின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன்: அந்த உம்ராவுக்கான பணம் எங்கிருந்து வந்தது? பதினைந்து ஆண்டுகள் பீடி சுற்றிச் சேர்த்த பெண்மணி அந்தக் குழுவில் இருக்கிறார். பேரன் கத்தரிலிருந்து அனுப்பிய பணத்தில் வந்தவர் இருக்கிறார். அவர்களுடைய ஒவ்வொரு நூறிலும் பதினொன்றைக் கவனக்குறைவால் கரையவிடுவதற்குத் தவக்குல் என்று பெயரில்லை. அளவையில் குறைப்போரைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் 83ஆம் அத்தியாயம் இருக்கிறது. விற்பவன் நேர்மையாக அளக்க வேண்டும் என்றால், வாங்குபவன் அளவையைக் கண்ணால் பார்க்கவாவது வேண்டாமா?

மதீனாவின் பேரீச்சம்பழம் பற்றியே ஒரு நிகழ்ச்சி உண்டு. பிலால் (ரலி) அவர்கள் உயர்ந்த வகைப் பழத்தைக் கொண்டுவந்தபோது, தாழ்ந்த வகையில் இரண்டு அளவைக் கொடுத்து இதில் ஓர் அளவைப் பெற்றதாகச் சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை வட்டியே என்று கடிந்து, முதலில் உள்ளதை விற்றுவிட்டு, அந்த விலையைக் கொண்டு விரும்பியதை வாங்கும்படி கற்றுக்கொடுத்தார்கள். அது ஒரே இனப் பொருளின் சட்டம். ரூபாயும் ரியாலும் வெவ்வேறு இனம் என்பதால் சட்டம் அப்படியே இங்கே பொருந்தாது. ஆயினும் அந்த வழிகாட்டலின் தெளிவு என்னை ஈர்க்கிறது. இரண்டு பரிவர்த்தனைகளைப் பிரித்துவிடு, ஒவ்வொன்றின் விலையும் வெளிச்சத்தில் தெரியட்டும். நாணய மாற்றுக் கடையில் ரூபாயை விற்று, விகிதத்தை எழுத்தில் பார்த்து, ரியாலை எண்ணி வாங்கு. பிறகு அந்த ரியாலைக் கொண்டு பழக் கடைக்குப் போ. அப்போது பழம் விலை அதிகமா, பணம் விலை அதிகமா என்ற குழப்பம் எழாது.

ஊரிலேயே மாற்றுவதா, அங்கே போய் மாற்றுவதா என்பது அடுத்த கேள்வி. இதற்கு ஒரே விடை கிடையாது. ஊரில் அனுமதி பெற்ற இரண்டு இடங்களிலாவது விசாரியுங்கள். 'கட்டணம் இல்லை' என்ற பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். இத்தனை ரூபாய் கொடுத்தால் கையில் எத்தனை ரியால் வரும் என்று மட்டும் கேளுங்கள், கட்டணம் விகிதத்துக்குள் ஒளிந்திருந்தாலும் அந்த ஒற்றை எண்ணில் வெளிப்பட்டுவிடும். டாலராகக் கொண்டு போவோரும் உண்டு. 1986 முதல் ஒரு டாலர் 3.75 ரியால் என்று நிலையாகக் கட்டப்பட்டிருப்பதால், 100 டாலருக்கு 375 ரியாலை ஒட்டி வராவிட்டால் குறை உடனே தெரிந்துவிடும் என்பது அதிலுள்ள வசதி. ஆனால் ரூபாயிலிருந்து டாலர், டாலரிலிருந்து ரியால் என இரண்டு முறை தரகு கொடுக்க நேரும். என் கருத்தில், விமான நிலையத்திலிருந்து வெளியேறி முதல் சில நாட்களைக் கழிக்கும் அளவுக்கேனும் ரியாலை ஊரிலேயே, சிறு நோட்டுகளாக வாங்கிச் செல்வதே நல்லது.

சிறு நோட்டு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான். ஹரமின் முற்றத்திலும் சுற்றியுள்ள தெருக்களிலும் துப்புரவுப் பணி செய்யும் சகோதரர்களை எல்லோரும் பார்த்திருப்போம். வங்காளதேசத்தவர், நம் நாட்டவர், பாகிஸ்தானியர் எனப் பல நாட்டினர். வெயிலில் நின்று பெருக்கும் அவர்களைக் கண்டு இரங்கி, நம்மவர் பையில் கைவிட்டு ஒரு பத்து ரூபாய்த் தாளையோ, இருபது ரூபாய்த் தாளையோ அவர் கையில் வைக்கிறார்கள். சிலர் ஐந்து ரூபாய் நாணயத்தையே வைக்கிறார்கள். ஸதகா கொடுத்த நிறைவோடு நடக்கிறார்கள்.

அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? நாணய மாற்றுக் கடைகள் அந்நிய நாட்டு உலோகக் காசைப் பொதுவாக வாங்குவதே இல்லை. பத்து ரூபாய்த் தாளுக்கு அரை ரியாலும் வராது. அதற்காக அவர் வேலை முடிந்து, வரிசையில் நின்று, சில்லறை நோட்டுகளுக்கென்று குறைத்துச் சொல்லும் விலையை ஏற்க வேண்டும். நமக்கு வேண்டாத மிச்சத்தை அவர் தலையில் மாற்றிவிட்டு, அதற்கு நன்மையை எதிர்பார்க்கிறோம். மனிதன் தான் விரும்புவதிலிருந்து கொடுக்காதவரை நற்பேற்றை அடையமாட்டான் என்ற கருத்தை எத்தனை ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம்! ரியாலைக் கடைக்காரருக்கென்று பத்திரப்படுத்திக்கொண்டு, ரூபாய்க் காசை ஏழைக்குக் கொடுப்பவர் எதை விரும்பினார் என்பது தெளிவாகவே இருக்கிறது.

மதீனாவில் இரண்டாம் நாள் நான் உம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர்களுக்குக் கோபம் வந்தது. "கொடுக்கிற கையைத் தடுக்காதே" என்றார்கள். அன்று மாலை நாங்கள் இருவரும் நாணய மாற்றுக் கடைக்குப் போய் உம்மாவின் மிச்ச ரூபாய் முழுவதையும் மாற்றினோம். அதில் ஒரு பகுதியை ஒரு ரியால் நாணயங்களாகவும் ஐந்து ரியால் தாள்களாகவும் கேட்டு வாங்கினோம். உம்மா அவற்றைச் சிறிய சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்கள். மக்ரிபுக்குச் செல்லும் வழியில், முற்றத்தின் ஓரம் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவருக்கு ஐந்து ரியாலைக் கொடுத்தார்கள். அவர் தாளை வாங்கி, திருப்பிப் பார்த்து, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஸலாம் சொன்னார். முந்தின நாள் உம்மாவிடம் பத்து ரூபாய் வாங்கிய வேறொருவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அருகில் பெருக்கிய தோழரிடம் காட்டி ஏதோ கேட்டுக்கொண்டு நின்றதை நான் பார்த்திருந்தேன். உம்மாவும் பார்த்திருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "நேற்று நின்ற பிள்ளை எங்கே இருக்கிறான் என்று பார்" என்றார்கள். இகாமத் சொல்லும்வரை தேடினோம். அன்று அவருக்கு வேறு பக்கம் வேலை போலும், காணக் கிடைக்கவில்லை. மறுநாளும் தேடினோம்.